பேர் எழுதிய டப்பா

காமன்சி ஊரில் ருஸ்திகோவை ஒரு பெரிய ஆளாக யாரும் நினைத்ததில்லை. நிலம் கிடையாது, எருமை கிடையாது, பஞ்சாயத்தில் பேச வாய் கிடையாது. கள் இறக்குகிறவன், அவ்வளவுதான். காலையில் இருபத்திரண்டு தென்னை, மாலையில் அதே இருபத்திரண்டு. இடுப்பில் அரிவாள், முதுகில் மூங்கில் குழாய். பாளையைச் சீவி, சொட்டினதை வடித்து, மரப்பட்டைத் தூள் கலந்து சிவக்க வைத்தால் ஊரே சாயங்காலம் அவன் வாசலுக்கு வரும். குடித்து முடித்ததும் போய்விடும். பிலிப்பைன்ஸின் லெய்தே தீவில் கள் இறக்குகிறவனுக்கு இவ்வளவுதான் மரியாதை.

மற்ற எல்லோரும் வயல்காரர்கள். முழங்கால் ஆழத்துச் சேற்றில் நின்று நெல் நடுகிறவர்கள். ருஸ்திகோவின் கால் மட்டும் மரத்தில் இருந்தது, அதனால் காய்ந்திருந்தது. வாழ்க்கையில் அவனுக்கு ஒரு கைதட்டல் கிடைத்தது என்றால் அது இந்தக் காய்ந்த காலுக்காகத்தான்.

நத்தைக் காய்ச்சல் பரிசோதனை முதன்முதலாக ஊருக்கு வந்த வருஷம் அது. வாய்க்கால் ஓரத்தில் அரிசி மணி அளவில் நத்தைகள் இருக்கும். அதிலிருந்து கிளம்பும் புழு தண்ணீரில் நிற்பவன் தோலைத் துளைத்து உள்ளே போய், ரத்தக் குழாயில் குடித்தனம் நடத்தி முட்டை போடும். முட்டை மலத்தில் வெளியே வரும். வயல் ஓரத்தில் உட்கார்ந்து எழுந்தால் அது மறுபடி வாய்க்காலுக்கும் நத்தைக்கும் போகும். நகரத்திலிருந்து வந்த நர்ஸ் இதையெல்லாம் படம் வரைந்து சொன்னாள். தெரிந்துகொண்டதால் நோய் குறையவில்லை. வெட்கம்தான் கூடியது. இனி ஒருவன் மலத்தில் முட்டை இருந்தால் அவன் எங்கே போய் உட்காருகிறான் என்பதும் ஊருக்குத் தெரிந்துபோகும் இல்லையா?

அப்படித்தான் ஆனது. பேர் எழுதிய பிளாஸ்டிக் டப்பாக்களில் எல்லோரும் கொடுத்தார்கள். மூன்றாவது ஞாயிறு, ஜெபம் முடிந்ததும், ஊரார் துலா என்று கூப்பிடும் சுகாதாரத் தொண்டர் தியோதுலா கோயிலுக்குள்ளேயே பட்டியலை விரித்துப் படித்தாள். பேர், பிறகு 'உண்டு' அல்லது 'இல்லை'. உண்டு, உண்டு, உண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"ருஸ்திகோ, இல்லை."

நர்ஸ் அவனை எழுந்து நிற்கச் சொன்னாள். "இவரைப் பாருங்க. இவரு சுத்தம்," என்று கைதட்டினாள். வேறு வழியில்லாமல் ஊரும் தட்டியது. ருஸ்திகோவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது அவன் நடையே மாறியிருந்ததாக அவன் மனைவி வெனி பிறகு பல நாள் சொல்லிக் காட்டினாள்.

மறு வருஷம் டப்பா வந்த மறுநாள் காலை, அவன் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தபோது தொமிங்கா வந்தாள். நிகோமெதெஸின் மனைவி. நிகோமெதெஸ், ஊர் வாயில் மெதெஸ், ருஸ்திகோவின் மூத்த பெண்ணுக்கு ஞானத்தகப்பனாக நின்றவன். கள் இறக்குகிறவன் பிள்ளைக்கு நிற்க வேறு எந்த வயல்காரனும் முன்வராத நாளில் நின்றவன். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் கும்பாரே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவள் கும்மாரே.

"கும்பாரே, ஒரு உதவி."

"கள்ளா? இன்னும் மரமே ஏறல கும்மாரே."

"கள்ளு இல்ல." பாவாடை மடிப்பிலிருந்து டப்பாவை எடுத்தாள். மெதெஸ் பேர் எழுதியது. "நான் என்ன கோழியா, கேட்டதும் போடறதுக்குன்னு இத வயல்ல வீசிட்டாரு. போன வருஷம் பேரு படிச்சப்ப சாமியாருக்குப் படிக்கிற என் தம்பி பக்கத்துல உக்காந்திருந்தான். என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"உன்னோடது சுத்தம்னு ஊருக்கே தெரியும்." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு மொச்சைக்கொட்டை அளவு போதும்."

ருஸ்திகோ சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பு நின்றது. மெதெஸ் வீட்டிலிருந்து அவனிடம் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை, அவன்தான் கேட்டிருக்கிறான். கொடுத்தான்.

அந்த ஞாயிறு துலா "நிகோமெதெஸ், இல்லை," என்று படித்தபோது மெதெஸ் தொடையில் தட்டிச் சிரித்தான். "பாத்தியா கும்பாரே? குடுக்காமலேயே இல்லையாம்! இந்தத் துலா நல்லாத்தான் வேலை பாக்குறா." ருஸ்திகோவும் சிரித்தான். தொமிங்கா மட்டும் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

பெண்கள் காதில் போட்ட விஷயம் எங்கே நிற்கும்? அடுத்த வருஷம் ஐந்து டப்பா வந்தது. அதற்கடுத்த வருஷம் பதினாலு வீடு. கொடுக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி வெனி சர்க்கரைவள்ளிக் கிழங்கை இரண்டு மடங்கு வேகவைக்க வேண்டியிருந்தது.

"வெக்கமா இல்ல உனக்கு?" என்றாள் வெனி.

"கேக்கறாங்க. இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

"உன்கிட்ட கேட்டு வாங்கறதுக்கு இதுதான் இருக்கு, அதான் சந்தோஷம் உனக்கு."

அவள் சொன்னது உண்மை. சொல்லவே கூசுகிறது, அவனுக்கு அது பிடித்திருந்தது. கள் குடிக்க வந்தவர்கள் 'தங்கக் குண்டி' என்று கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே வரிசையில் அவனுக்கு முன்னே இடம் விட்டார்கள். நகரத்துப் பரிசோதகன் ஒருமுறை மூக்கைச் சுளித்து, "என்ன துலா, உங்க ஊர்ல எல்லாரும் ஒரே சட்டியிலயா சாப்பிடறீங்க?" என்று கேட்டானாம். துலா டப்பாக்களை எண்ணிக் கொடுத்தாள். அவளுக்கும் பட்டியல் நன்றாக வந்தால் போதும். அவனிடம் வாங்காத வீடுகளில் உண்மையிலேயே மாத்திரை விழுங்கிக் குணமானவர்களும் இருந்தார்கள். நாலாவது முறை எடுத்தபோது மொத்த ஊருக்கும் 'இல்லை'.

ஊர் முகப்பில் ஒரு பலகை நட்டார்கள். 'நத்தைக் காய்ச்சல் இல்லாத ஊர்.' ஊர்த் தலைவர் பன்றி அடித்து விருந்து வைத்தார். நத்தை கொல்ல வந்துகொண்டிருந்த ஆட்கள் வேறு ஊருக்குப் போனார்கள். மாத்திரையும் அவர்களோடு போனது.

நத்தைகள் போகவில்லை.

அடுத்த இரண்டு அறுவடைக்குள் மெதெஸின் கையும் காலும் குச்சியாகி வயிறு மட்டும் முன்னே வந்தது. ஊர் கள்ளுத் தொப்பை என்று கேலி செய்தது. "எத்தனை மாசம் மெதெஸ்?" என்று கேட்டார்கள். அவனும் வயிற்றைத் தடவி, "கும்பாரே புண்ணியத்துல ஒன்பதாவது," என்று பதில் கொடுத்தான். தொமிங்கா அவனை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் அட்டையைப் பார்த்தார். முதல் வருஷம் உண்டு, மாத்திரை கொடுத்தாயிற்று என்று இருந்தது. அந்த மாத்திரையை மெதெஸ் கன்னத்தில் அடக்கி வெளியே வந்து துப்பியது அட்டையில் எப்படி இருக்கும்? அதற்குப் பிறகு மூன்று வருஷம், மூன்று 'இல்லை'. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குடிப்பதுண்டா என்றார். சாயங்காலம் இரண்டு சிரட்டை என்றான் மெதெஸ். கல்லீரல் போய்க்கொண்டிருக்கிறது, குடியை நிறுத்து என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் குழாயோடு போன ருஸ்திகோவைத் தொமிங்கா வேலியிலேயே நிறுத்தினாள்.

"இனிமே இங்க கள்ளு கொண்டு வராத. உன் கள்ளுதான் அவரை இப்படி ஆக்கிருச்சு. டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டர் அட்டையப் பாத்தாரா?"

"பாத்தாரு."

அட்டையில் இருப்பது யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் வேலிக் கம்பை நகத்தால் சுரண்டினாள். அவன் குழாயைத் தோள் மாற்றிக்கொண்டு திரும்பிவிட்டான். வழியில் அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. கள்ளுக்காகத் திட்டு வாங்குவது பழகிய விஷயம், தாங்கிக்கொள்ளலாம். அந்த நிம்மதியை நினைத்துத்தான் பின்னால் அவன் தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

இரண்டு மாதம் மெதெஸ் வீட்டு வழியே போகாமல் சுற்றிப் போனான். இருந்தாலும் மரத்தின் உச்சியிலிருந்து அந்த வாசல் தெரியும். மெதெஸ் பலகையில் சாய்ந்திருப்பான். மேலே பார்த்துக் கத்துவான்.

"கும்பாரே! நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டியா? ஒரு சிரட்டை குடுத்துட்டுப் போடா! அவ தூங்குறா!"

ருஸ்திகோ காது கேட்காதவன் போலப் பாளையைச் சீவிக்கொண்டிருப்பான். இறங்கியதும் துலா வீட்டுப் பக்கம் நடப்பான். வாசல் வரை போவான். என்னவென்று ஆரம்பிப்பது? சொன்னால் பலகை போகும், பதினாலு வீட்டு மானம் போகும், அவனுக்கு இருந்த ஒரே கைதட்டலும் போகும். "என்ன மனோ திகோய்?" என்று துலா எட்டிப் பார்ப்பாள். வயசில் மூத்தவனை மனோ, அதாவது அண்ணன், என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள்; ருஸ்திகோ அவள் வாயில் திகோய். "சும்மாதான், காடி வேணுமான்னு கேக்க வந்தேன்," என்பான். அந்த இரண்டு மாதத்தில் துலா வீட்டில் கள்ளுக் காடி ஆறு பாட்டில் சேர்ந்தது.

அறுவடை நாள். ரோட்டில் நெல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். மெதெஸ் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் துழாவும் பலகையை எடுத்துக்கொண்டு வந்தான். நாலடி இழுத்தான். பிறகு மண்டி போட்டு, தன் நெல் மேலேயே சிவப்பாகக் கக்கினான்.

"போச்சு, கள்ளு!" என்றான் ஒருவன். "எங்கயோ திருட்டுத்தனமா வாங்கிக் குடிச்சிருக்கான்!"

"தொமிங்கா, உன் புருஷன் நெல்லுக்கே ஊத்திக் குடுக்கறான் பாரு!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். தப்பில்லை. ஊர்க் கள்ளும் அந்த நிறம்தான். குடித்தவன் கக்கினால் அப்படித்தான் இருக்கும். தொமிங்கா ஓடி வந்து அவன் தோளில் அடித்தாள். "எவன் குடுத்தான்? சொல்லு, எவன் குடுத்தான்?"

ருஸ்திகோ பாதி மரத்தில் இருந்தான். எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது, நெஞ்சுத் தோல் உரிந்திருந்தது. குனிந்து பார்த்தான். முப்பது வருஷம் கலந்தவனுக்குத் தன் கள்ளின் நிறம் தெரியாதா? வாசனை தெரியாதா? இதில் புளிப்பே இல்லை.

"கள்ளு இல்ல இது," என்றான். "ரத்தம்."

ஜீப்னி வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். மெதெஸின் தலை ருஸ்திகோவின் மடியில் இருந்தது. இந்தமுறை பார்த்தது ஒரு இளவயசு டாக்டரம்மா. வார்டில் எட்டுக் கட்டில், எட்டிலும் ஆள், சுற்றிலும் அவர்களுடைய சொந்தக்காரர்கள். டாக்டரம்மா அட்டையைப் புரட்டினாள்.

"நத்தைக் காய்ச்சல் மூணு தடவையும் இல்லைன்னு இருக்கே. குடிதான். நேத்து எவ்வளவு குடிச்சாரு?"

"எனக்குத் தெரியாமக் குடிச்சிருக்காரு டாக்டர்," என்று தொமிங்கா அழுதாள்.

"இல்ல," என்றான் ருஸ்திகோ.

"நீங்க யாரு?"

"ஊருக்கே கள்ளு குடுக்கறவன். ரெண்டு மாசமா இவனுக்கு ஒரு சொட்டுக் குடுக்கல." அவள் கையிலிருந்த அட்டையைக் காட்டினான். "அந்த அட்டை பொய் டாக்டர். அது இவனோடது இல்ல."

"எது?"

"அந்த... பரிசோதனைக்குக் குடுத்தது."

"மலமா? யாரோடது?"

எட்டுக் கட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தது. ருஸ்திகோ தன் காலைப் பார்த்தான்.

"என்னோடது. மூணு வருஷமும்."

ஒரு நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசிக் கட்டிலில் யாரோ சிரிப்பை அடக்கிக் குலுங்கினார்கள். "இவருக்கு மட்டும்தான் குடுத்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"இல்ல. பதினாலு வீட்டுக்கு."

அதற்கு மேல் வார்டு அடக்கமுடியாமல் சிரித்தது. ருஸ்திகோ அசையாமல் நின்றான். முகம் எரிந்தது. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. சிரிப்புக்கு நடுவில் மெதெஸ் கண்ணைத் திறந்தான். உதட்டோரம் ரத்தம் காய்ந்திருந்தது.

"மூணு வருஷமா," என்றான் மெல்ல, "என் பேர்ல நீயாடா பேண்டுக்கிட்டு இருந்த?"

"ஆமா கும்பாரே."

"அதான பாத்தேன். குடுக்காமலேயே எப்படி இல்லைன்னு வருதுன்னு." சிரிக்கப் பார்த்தான், வயிறு விடவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நான்தான் கேட்டு வாங்கினேன்," என்றாள் தொமிங்கா. யாரும் அவளைக் கேட்கவில்லை. முக்காட்டுக்குள்ளிருந்து இன்னொரு தடவை சொன்னாள், "நான்தான்."

மறுநாள் மெதெஸின் சொந்த மலத்தில் கண்ணாடித் தகடு முழுக்க முட்டை. மாத்திரை கொடுத்தார்கள். டாக்டரம்மா ருஸ்திகோவை வராந்தாவில் நிறுத்திச் சொன்னாள். "புழு செத்துடும். ஆனா கல்லீரல் இறுகிப்போச்சு, அது இளகாது. மறுபடி ரத்தம் வரலாம். ரெண்டு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." முடிக்காமல் போய்விட்டாள். மிச்சத்தை ருஸ்திகோ தினமும் தானே முடித்துக்கொண்டான்.

ஊர்ப் பலகையைப் பிடுங்கினார்கள். புதிதாக எடுத்த பரிசோதனையில் பதினாலு வீட்டில் பதினொன்றுக்கு உண்டு. கேட்டு வாங்கியவர்கள் அவர்கள். கோபமும் அவர்களுக்குத்தான் வந்தது. கொஞ்ச காலம் அவன் கள்ளைத் தொட ஆளில்லை. தலைவர் அவனைக் கண்டால் எதிர்த் திசையில் எச்சில் துப்பினார். மெதெஸால் இனி வயலில் இறங்க முடியாது. நடவு வந்ததும் ருஸ்திகோ அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு, நாற்றுக் கட்டைத் தூக்கிக்கொண்டு மெதெஸின் வயலுக்குப் போனான்.

வரப்பில் உட்கார்ந்திருந்த மெதெஸ் முதலில் அவன் காலைத்தான் பார்த்தான். "ரப்பர் பூட்ஸ் எங்க?"

"இல்ல."

"இறங்காத. உன் கால் சுத்தமான கால்."

"சும்மா இரு கும்பாரே," என்று இறங்கினான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. தெரிந்தேதான் இறங்கினான். வேறு வழியில்லாமல் இறங்கினவர்களுக்கு நடுவில் அவன் ஒருத்தன் வேண்டுமென்றே இறங்கினான்.

"டேய், நெல்லு நடறியா, தென்னம்பிள்ளை நடறியா? இவ்வளவு எட்டவா வைப்பாங்க?"

இரண்டு நடவு அப்படிப் போனது. ஒருநாள் மெதெஸ் கேலியை நிறுத்திவிட்டுக் கேட்டான். "எனக்கு வயிறு வந்தப்பவே ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

மெதெஸ் வாய்க்கால் பக்கம் திரும்பினான். "கோழி, முட்டைன்னு நான் சொன்னதெல்லாம் சும்மாடா. முதல் வருஷம் துலா உண்டுன்னப்புறம், கோயில விட்டு வெளிய வந்து எல்லாரும் என் வாய்க்காலத்தான் திரும்பிப் பாத்தாங்க. அந்த வெக்கத்துலதான் டப்பாவ வீசினேன்."

இரண்டாவது அறுவடைக்கு முன், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், மெதெஸ் மறுபடி ரத்தம் கக்கினான். ஜீப்னி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சவப்பெட்டியின் முன்பக்கம் தூக்கினது ருஸ்திகோ.

அடுத்த மாதம் டப்பாக்கள் வந்தன. துலாவின் பட்டியல் பழையது. தொமிங்கா ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு ருஸ்திகோவின் வாசலில் வந்து நின்றாள், அன்றைக்கு நின்ற அதே இடத்தில்.

"உன் கும்பாரேக்கு டப்பா வந்திருக்கு," என்றாள்.

குத்திக்காட்டுகிறாளா, அழுகிறாளா, அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரிந்திருக்காது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

கொடுக்கிற நாளில் மேசை முன்னால் வரிசை நின்றது. ருஸ்திகோ இரண்டு டப்பா வைத்தான். ஒன்றில் அவன் பேர். இன்னொன்று கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது.

"இதுல ஒண்ணுமில்லையே மனோ," என்றாள் துலா. அப்புறம்தான் பேரைப் படித்தாள்.

"அவன் குடுக்கல," என்றான். "எந்த வருஷமும் குடுக்கல. அப்படியே எழுது."

மூன்றாவது ஞாயிறு கோயிலில் பட்டியலை விரித்தார்கள். பழைய வழக்கம் விடவில்லை. துலா ஒவ்வொரு பேராகப் படித்து வந்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, அந்தப் பேரைப் பேனாவால் அடித்துவிட்டு, அடுத்ததுக்குப் போனாள். தொமிங்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ருஸ்திகோ." துலா தாளைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். "உண்டு."

தலைகள் அவன் பக்கம் திரும்பின. பிறகு பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "தங்கக் குண்டி துருப்பிடிச்சிருச்சுடோய்!" என்றது. கோயில் முழுக்கச் சிரித்தது.

யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. ருஸ்திகோ தானாகவே எழுந்தான். சேறு காயாத கால் பெஞ்சுக்கு அடியில் தெரிந்தது.

"ஆமா," என்றான். "அது என்னோடதுதான்."